ஒரே ஏரி மண், இரண்டு லேப், இரண்டு குரோமியம்: எதை நம்புவது?

கேள்வி இதுதான். ஓசூர் பக்கத்தில் ஓர் ஏரி. அதில் தூர் வாரிய வண்டலை ராகிக் கொல்லைக்கும் மாந்தோப்புக்கும் அடிக்க ஊரில் பலருக்கு ஆசை. ஆனால் மேலேயிருந்து வரும் தண்ணீர் கழிவு கலந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நண்பர் ஒருவர் ஒரு பக்கெட் ஏரி மண்ணை இரண்டாகப் பிரித்து இரண்டு தனியார் லேப்புக்கு அனுப்பியிருக்கிறார்.

முதல் லேப் ரிப்போர்ட்: குரோமியம் 52, நிக்கல் 31, ஈயம் 24, துத்தநாகம் 88, காட்மியமும் ஆர்சனிக்கும் 'பி.டி.எல்.', அதாவது அளக்கும் எல்லைக்குக் கீழே. இரண்டாவது லேப்: குரோமியம் 138, நிக்கல் 47, ஈயம் 33, துத்தநாகம் 104, காட்மியம் 0.4, ஆர்சனிக் 6. எல்லாமே ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பிபிஎம் என்றாலும் அதேதான். இது போதாதென்று, மண்வள அட்டையில் துத்தநாகம் 1.8 பிபிஎம் என்று போட்டிருக்கிறது. "எந்த லேப் சார் பொய் சொல்லுது?" என்று கேட்கிறார்.

யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. மூன்று பேரிடம் மூன்று வேறு கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி என்னவென்று ரிப்போர்ட்டின் மேல்பக்கத்தில் இருக்காது. கடைசிப் பக்கத்தில், 'டெஸ்ட் மெத்தட்' என்ற கட்டத்தில், பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அங்கே போங்கள்.

மண்வள அட்டையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அதில் வரும் 1.8 என்பது டி.டி.பி.ஏ. என்ற கரைசலில் மண்ணை இரண்டு மணி நேரம் குலுக்கி, அதில் கரைந்து வந்த துத்தநாகம் மட்டும். பயிரின் வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கைச் சுமாராகக் காட்டுவதற்காக லிண்ட்சே, நார்வெல் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட முறை அது. பயிருக்குத் துத்தநாகம் பற்றுமா பற்றாதா என்று பார்க்கத்தான் அந்த எண். அதை 88-ஓடும் 104-ஓடும் பக்கத்தில் வைக்கவே கூடாது. பையில் இருக்கும் சில்லறையும் பேங்கில் இருக்கும் பணமும் ஒரே ஆளுடையதுதான். அதற்காக ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று சொல்ல முடியுமா?

இனி இரண்டு தனியார் ரிப்போர்ட்டுகள். நீங்கள் அனுப்பிய படங்களில் முதல் லேப் 'யு.எஸ்.இ.பி.ஏ. 3050பி' என்று எழுதியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் முறை எண் அது. இரண்டாவது லேப் அதே துறையின் இன்னொரு முறையை, '3052, ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் சேர்த்து' என்று எழுதியிருக்கிறது. கதையில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது.

3050பி முறையில் மண்ணை நைட்ரிக் ஆசிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இவற்றோடு சூடாக்குவார்கள். பழைய ஆட்கள் ராஜதிராவகம் என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு. நான் வருடக்கணக்கில் இந்த வேலையைப் பார்த்தவன். பீக்கரின் மேல் வாட்ச் கிளாஸ் மூடி, ஹாட் பிளேட்டில் வைத்தால் முதலில் பழுப்புப் புகை வரும். அப்புறம் பெராக்சைடு விடும்போது நுரைக்கும். கடைசியில் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும், அடியில் சாம்பல் நிற மணல் தங்கும். அந்த மணலைக் கழுவிக் காயவைத்து ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரிக் குவார்ட்ஸ், பால் நிறத்தில் ஃபெல்ட்ஸ்பார், நடுநடுவே கடுகை நாலாக உடைத்த மாதிரிக் கருப்பு மணிகள். ஆசிட் அதையெல்லாம் தொடவே இல்லை. ஃபில்டர் பேப்பரில் தங்கி, குப்பைக்குப் போய்விடும். மஞ்சள் நீரில் இருப்பது மட்டும்தான் மெஷினுக்குப் போகிறது. இது எல்லா மண்ணையும் முழுசாகக் கரைக்கும் முறை அல்ல என்று அந்த முறையை எழுதியவர்களே அதன் முதல் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் விஷயமே வேறு. சிலிக்காவையே தின்றுவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரத்தையும் தின்னும். அதனால் டெஃப்ளான் குப்பியில் மூடி மைக்ரோவேவில் வைப்பார்கள். தோலில் பட்டால் முதலில் வலிக்கக்கூட வலிக்காது, உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. இந்த வம்பு வேண்டாம் என்றுதான் பல லேப்புகள் அதை வாங்குவதே இல்லை. அது சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான பயம்தான்.

சரி, ஒரு லேப் மேலே ஒட்டியதை மட்டும் கழுவி எடுத்தது, இன்னொன்று கல்லையே கரைத்தது. அதுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? லேப் கவனக்குறைவாகவும் இருந்திருக்கலாமே? நல்ல சந்தேகம். இங்கேதான் ரிப்போர்ட்டைப் படிக்கும் வித்தை இருக்கிறது. தனித்தனி எண்ணைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். முதல் லேப்பின் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் துத்தநாகம் 85 சதவீதம், ஈயம் 73, நிக்கல் 66, குரோமியம் 38.

முதல் லேப் எடை போடுவதில் தவறியிருந்தால், கரைசலை நிரப்பும்போது அளவு பிசகியிருந்தால், எல்லா உலோகமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். ஈர மண்ணை அப்படியே எடை போட்டிருந்தாலும் அப்படித்தான். ஏரிச் சேற்றில் 40 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். காய்ந்த மண்ணில் 100 என்று வரவேண்டியது 60 என்று வரும், துத்தநாகமானாலும் குரோமியமானாலும். எல்லாம் ஒன்றுபோலக் குறைந்தால் தராசையும் ஈரத்தையும் சந்தேகப்படு, ஒன்று மட்டும் தனியாகத் துள்ளினால் மெஷினையோ கலப்படத்தையோ சந்தேகப்படு, படிப்படியாக இறங்கினால் ஆசிட்டைப் பார். இது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்ன கணக்கு. உங்களுடையது படிப்படியாக இறங்குகிறது.

அந்தப் படி வரிசையும் நம் ஊர்ப் பாறைக்குப் பொருந்துகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டுமே கிரானைட், நைஸ், சார்னோகைட் பாறை நிலம். குவாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாறையில் துத்தநாகம் பெரும்பாலும் கருப்பு அப்பிரகத்தில் இருக்கும், அது ஆசிட்டில் கரைந்துவிடும். ஈயத்தில் ஒரு பங்கு பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்குள் பொட்டாசியம் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும், அது சாதாரண ஆசிட்டுக்கு லேசில் இளகாது. நிக்கல் பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட் வகைக் கருங்கனிமங்களில் இருக்கும், பாதி இளகும் பாதி இளகாது. குரோமியம்தான் படு பிடிவாதம். குரோமைட் போன்ற கனிமத்துக்குள் போய்விட்டால் ராஜதிராவகம் அதை ஒன்றும் செய்யாது, ஹைட்ரோஃபுளோரிக்கே திணறும். ஆகவே 138-ம் முழுக் கணக்கு என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மண்ணைக் கரைக்காமலே எக்ஸ்-ரே அடித்துப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக்கூடக் காட்டலாம்.

இது நம் மண்ணில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு மண்ணைப் பொடித்து, அளந்து, சான்றிதழோடு குப்பியில் விற்கிறது. லேப்புகள் தங்கள் கையைச் சரிபார்க்க வாங்குவது அது. அதில் மொத்தக் குரோமியம் 130. அதே மண்ணை வெறும் ஆசிட்டில் கழுவினால் என்ன வரும் என்று தனியாக ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். அதில் குரோமியம் 130-க்கு வெகு கீழே இருக்கும். உங்கள் இரண்டு லேப்பும் அந்தக் குப்பியையே ஆளுக்கு ஒன்று வாங்கி அளந்திருந்தாலும் இப்படித்தான் சண்டை வந்திருக்கும்.

எண்களில் எது உண்மையிலேயே வேறுபடுகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. ரிப்போர்ட்டில் 'அன்சர்ட்டன்டி' என்று கூட்டல் கழித்தல் போட்டிருப்பார்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் துத்தநாகத்துக்கு 15 சதவீதம். அதாவது 88 கூட்டல் கழித்தல் 13, 104 கூட்டல் கழித்தல் 16. இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 20. இரண்டு லேப்புக்கும் உள்ள இடைவெளி 16. இடைவெளி 20-க்குள் அடங்கிவிட்டதால் துத்தநாகத்தில் சண்டையே இல்லை, இரண்டும் ஒரே எண் மாதிரிதான். குரோமியத்துக்கு 20 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அதே கணக்கைப் போட்டால் அனுமதி சுமார் 30, இடைவெளி 86. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதற்குக் காரணம் தேடித்தான் ஆகவேண்டும், தேடிவிட்டோம்.

இந்தச் சதவீதங்களைப் பார்த்து 'இவ்வளவு தப்பா அளப்பாங்களா' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்துத் துறையில் இருந்த வில்லியம் ஹார்விட்ஸ் என்பவர் பல லேப்புகள் ஒரே சாம்பிளை அளந்த முடிவுகளைச் சேகரித்துப் பார்த்து 1980-ல் ஒரு விதியைச் சொன்னார். அளக்கும் பொருள் குறையக் குறைய லேப்புகளின் சிதறல் கூடும். 100 பிபிஎம் அளவில் சுமார் 8 சதவீதம், 1 பிபிஎம்மில் 16 சதவீதம். அதிலும் நல்ல லேப்புகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் பற்றி. முதல் லேப் 'பி.டி.எல்.' என்றது, இரண்டாவது லேப் எண் கொடுத்தது. முரண்பாடா? இல்லை. பி.டி.எல். என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை, 'என் கண்ணுக்குத் தெரியவில்லை' என்று அர்த்தம். முதல் லேப், உலோகம் விடும் ஒளியை வைத்து அளக்கும் ஐ.சி.பி. ஓ.இ.எஸ். மெஷினில் பார்த்திருக்கிறது. அவர்கள் போட்டிருக்கும் கீழ் எல்லை காட்மியத்துக்கு 1, ஆர்சனிக்குக்கு 10. இரண்டாவது லேப்பின் 0.4-ம் 6-ம் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. பி.டி.எல். என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எல்லை எண் இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள், காசு தண்டம். ஆர்சனிக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. அணுவின் எடையைப் பார்த்து அளக்கும் ஐ.சி.பி. எம்.எஸ். மெஷின், எடை 75-ஐ வைத்துத்தான் ஆர்சனிக்கை அடையாளம் காணும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் குளோரினும் மெஷினுக்குள் ஓடும் ஆர்கானும் சேர்ந்தால் அதே 75 வரும். அதைத் தடுக்கும் வசதி போட்டுத்தான் அளந்தார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பாதரசம் உங்கள் பட்டியலிலேயே இல்லை. தேவையானால் தனியாகக் கேட்கவேண்டும். 105 டிகிரி ஓவனில் காய்ந்த மண்ணில் பாதரசம் பார்க்கச் சொல்லாதீர்கள், அது ஆவியாகிப் போய்விடும்.

லேப் வாசலுக்கு வருவதற்கு முன்னால் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையே சுட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஏரி மண்ணில் துத்தநாகம் எக்கச்சக்கமாக வந்தது. மறுபடி அளந்தேன், மறுபடி அதே. இரண்டு நாள் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஈரச் சேற்றை இரண்டு வாரம் தகரப் பக்கெட்டில் போட்டு வைத்திருந்தது நான்தான். அதன் மேல்பூச்சே துத்தநாகம். இன்னொன்று, மிக்ஸி ஜாரில் போட்டு மண்ணை அரைக்கும் பழக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது. குவார்ட்ஸ் மணல் அதைச் சுரண்டி உங்கள் சாம்பிளில் சேர்த்துவிடும். பிளாஸ்டிக் பக்கெட், மரக்கட்டை, நைலான் சல்லடை. அவ்வளவு போதும்.

நீங்கள் ஈரச் சேற்றைக் கையால் இரண்டாகப் பிரித்ததாகச் சொன்னீர்கள். அதை இனிச் செய்யாதீர்கள். சேற்றை நிழலில் பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பிக் காயவையுங்கள். கட்டியை உருட்டுக் கட்டையால் நுணுக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கூம்பாகக் குவியுங்கள். மேலே தட்டையாக்கி, பூசணிக்காயை வெட்டுவதுபோல நாலாக வகுத்து, எதிரெதிர் கூறு இரண்டை எடுத்துச் சேருங்கள். மறுபடி குவித்து, மறுபடி நாலாக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்த மண்ணைப் பிரித்தால்தான் இரண்டு லேப்புக்கும் ஒரே மண் போனதாக அர்த்தம்.

சல்லடையின் அளவையும் எழுதி வையுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலும் 63 மைக்ரானுக்குக் கீழான பொடியை மட்டும் எடுத்து அளப்பார்கள். ராகியைச் சலித்தால் மாவு கீழே, தவிடு மேலே. மண்ணிலும் உலோகம் களிமண் பொடியில்தான் அதிகம் ஒட்டும், மணலில் குறைவு. கிருஷ்ணகிரி அணை வண்டலைப் பற்றி யாரோ 63 மைக்ரானில் எழுதியதை உங்கள் 2 மில்லிமீட்டர் எண்ணோடு ஒப்பிட்டால் அணை மோசம், ஏரி பரவாயில்லை என்று தோன்றும். தோற்றம்தான்.

இப்போது நிஜமான கேள்வி. மண்ணை அடிக்கலாமா கூடாதா?

இணையத்தில் தேடினால் முதலில் கையில் கிடைப்பது மெக்டொனால்டும் கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட நன்னீர் வண்டல் அளவுகோல். குரோமியத்துக்கு 43.4-க்குக் கீழே இருந்தால் பாதிப்பு வர வாய்ப்புக் குறைவு, 111-க்கு மேலே போனால் பாதிப்பு எதிர்பார்க்கலாம். முதல் லேப்பின் 52 நடுவில் நிற்கிறது, இரண்டாவது லேப்பின் 138 சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஒரே பக்கெட் மண், இரண்டு தீர்ப்பு! ஆனால் அந்த அளவுகோல் ஏரி அடியில் வாழும் புழுபூச்சிகளுக்காக, பெரும்பாலும் வட அமெரிக்கத் தரவுகளிலிருந்து செய்தது. ராகிக்கும் மாமரத்துக்கும் செய்ததல்ல. உர கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்ட்டுக்குக் குரோமியம் 50 என்று எல்லை இருக்கிறது. அதைக் காட்டி '52 தாண்டிவிட்டது' என்று யாராவது கூச்சல் போடலாம். அது உரத்துக்கான எல்லை. நம் பாறையில் விளைந்த மண்ணையே அதில் நிறுத்தினால் பல கொல்லைகள் தோற்றுவிடும்.

என் கணக்கு வேறு. முலாம் பூசும் பட்டறையிலிருந்தோ வேறு ஆலையிலிருந்தோ கழிவுநீரில் வரும் குரோமியம், களிமண்ணின் மேலும் இரும்புத் துருவின் மேலும் மக்கின் மேலும் வந்து ஒட்டும். அது பாறைக்குள் நுழையாது. ஒட்டியதை 3050பி ஆசிட் கழுவி எடுத்துவிடும். ஆகவே வெளியிலிருந்து வந்தது எவ்வளவாக இருந்தாலும் அந்த 52-க்குள்தான் அடங்கியிருக்க வேண்டும். மீதி 86 கருப்பு மணிகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது, பயிர் அதைத் தொடாது. யாராவது குரோமைட் தாதுப் பொடியையே ஏரியில் கொட்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அந்த ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன்.

பாறையே விஷத்தைத் தருமா என்று நம் பக்கத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை. தர்மபுரி போர்வெல்லில் வரும் ஃபுளோரைடை எந்தக் கம்பெனியும் கொட்டவில்லை, அடியில் உள்ள பாறை கொடுத்தது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்காகத் தென்பெண்ணை ஆற்றில் வருவதெல்லாம் பாறை தந்ததுதான் என்றும் சொல்லவில்லை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு அது. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி, உங்கள் ஏரிக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் ஒரு சாம்பிள் எடுத்து அதே லேப்பில் அதே முறையில் கொடுப்பது. ஏரியில் 52, மேட்டில் 48 என்றால் ஒரு கதை. ஏரியில் 52, மேட்டில் 15 என்றால் வேறு கதை. வண்டலில் மாசு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட முல்லர் 1969-ல் கொடுத்த குறியீட்டில் உலக சராசரிக் களிப்பாறையின் குரோமியம் 90-ஐ அடிப்படையாகப் போட்டால் உங்கள் 138-கூட ஏறக்குறைய பூஜ்யத்தில்தான் நிற்கும். ஆனால் உலக சராசரியைவிட பக்கத்து மேட்டு நிலம்தான் எனக்குப் பெரிய சாட்சி.

இந்த எண்களை மட்டும் வைத்துக் கேட்டால், குரோமியத்துக்காக நான் வண்டலை நிறுத்தமாட்டேன். எனக்கு உறுத்துவது காட்மியம். அது 0.4-தான், ஆனால் பயிர் சுலபமாக இழுத்துக்கொள்வது அது. ஏரி அடியிலுள்ள நாற்றமடிக்கும் கருஞ்சேற்றில் அது கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடக்கும். வெளியே எடுத்துக் கொல்லையில் பரப்பி வெயிலும் காற்றும் பட்டால் அந்தக் கட்டு அவிழும், மண் புளிக்கும், காட்மியமும் துத்தநாகமும் இளகும். குரோமியத்திலும் ஆறு இணைதிற வடிவம்தான் ஆபத்து. மொத்த எண்ணில் அது தெரியாது, காரத்தில் கரைக்கும் தனி டெஸ்ட் வேண்டும்.

ஒரு பக்கெட்டை வைத்து ஏரியைத் தீர்மானிக்கவும் முடியாது. நீர்வரத்துக் கால்வாய் வாயில், நடுவில், மதகடியில் என்று மூன்று இடம், மேட்டு நிலம் ஒன்று, ஆக நாலு சாம்பிள். எல்லாம் ஒரே லேப்புக்கு, 3050பி-யில். கொடுக்கும்போது கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்: 2 மில்லிமீட்டர் சல்லடை, காய்ந்த எடைக் கணக்கு, காட்மியத்துக்குக் கீழ் எல்லை 0.1, கூடவே அன்றைக்கு ஓட்டிய பிளாங்க் (மண் போடாத வெறும் ஆசிட்), டூப்ளிகேட் (அதே மண் இரண்டாம் முறை), சான்றளித்த மண்குப்பி இவற்றின் முடிவுகளும் வேண்டும் என்று. லேப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் 'வண்டல்' என்ற பொருளும் இந்த உலோகங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு மண்ணுக்கு ரிப்போர்ட் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் தர மறுக்கும் லேப்புக்கு இரண்டாவது முறை போகாதீர்கள்.

ஒவ்வொரு சாம்பிளிலும் அரைக் கிலோவைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, தேதியும் எடுத்த இடமும் பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளே போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.